வீடென்றும் கொட்டகையென்றும்

கட்டடங்கள் பேசும் என்று கற்றவர்கள் எழுதுகிறார்கள். தஞ்சைக்கு வருபவர்கள் பெரிய கோயில் விமானத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு, கல் பேசுகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு பேருந்து ஏறுவதை நானும் கண்டிருக்கிறேன். மறுத்துரைக்க எனக்குத் தகுதியில்லை. நான் பிறந்து வளர்ந்த கட்டடம் செங்கல்லும் மூங்கிலும் நாட்டு ஓடும் சேர்ந்தது. அதுவும் பேசிற்று. ஆனால் கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்பதை முதலில் அறிந்துகொண்டு, அதற்குத் தக்கவாறு பேசிற்று. நெடுங்காலம் ஒன்றைச் சொல்லிவந்த அந்தக் கட்டடம், ஒரே வாரத்தில் அதற்கு நேர்மாறானதைச் சொன்ன விந்தையை நான் அருகிலிருந்து பார்த்தேன். அருகில் என்ன, உள்ளேயே இருந்தேன்.

எங்கள் ஊர் நன்னிலத்திற்குப் பக்கத்தில், வாய்க்கால்களுக்கு நடுவே கிடப்பது. ஊரின் நிலத்தில் பெரும்பகுதிக்கு உரியவர் ஒரு மிராசுதார். அவருடைய வீட்டின் முகம் பெரிய தெருவில் இருந்தது. அதன் முதுகு எங்கள் பக்கம் இருந்தது. முதுகு என்று நான் சொல்வது கொல்லைப்புறத்தை மறைத்து நின்ற நெடிய செங்கல் சுவரை. அந்தச் சுவருக்கு உட்புறம் பால் மாடுகள். வெளிப்புறம், சுவரிலேயே கைமரங்களை ஊன்றி, சாய்வாக ஓடு வேய்ந்து இறக்கிய கொட்டகையில் உழவு மாடுகள். பால் கொடுக்கும் மாட்டுக்கும் உழைக்கும் மாட்டுக்கும் இடையில் ஒரு சுவர் வேண்டும் என்பதில் பண்ணை மிகவும் கண்டிப்பாக இருந்தது. என் தகப்பனார் உழவு மாடுகளைப் பார்த்துக்கொள்பவர். அவற்றை இரவில் தனியே விடக்கூடாது என்பதற்காக, கொட்டகையின் ஒரு கோடியில் தட்டி வைத்து மறைத்துக்கொண்டு இருக்கச் சொன்னார்கள். அங்கேதான் அவர் மணம் முடித்து என் தாயாரை அழைத்துவந்தார். அங்கேதான் நாங்கள் பிறந்தோம்.

இதை இழிவாக எண்ணிவிடக் கூடாது. எங்கள் உறவினர் அனைவரும் வாய்க்காலுக்கு அப்பால் கீற்றுக் குடிசைகளில் இருந்தார்கள். கீற்று சில மாதங்களில் மட்கிவிடும். உழவு மாடு நனைந்தால் சளி பிடிக்கும், சளி பிடித்த மாட்டால் உழவு நின்றுபோகும். ஆகவே கொட்டகைக்கு ஓடு. நனைந்த மனிதனுக்குப் பதில் வேறொரு மனிதன் கிடைப்பான். ஆகவே குடிசைக்குக் கீற்று. மாடுகளின் தயவால் நாங்கள் ஊரில் "ஓட்டு வீட்டுக்காரங்க" என்று பெயர் பெற்றோம். மழைக்காலத்தில் அத்தைமார்கள் தங்கள் துணிமூட்டையோடு வந்து எங்கள் ஓட்டின் கீழ் ஒதுங்கும்போது, என் தாயார் சற்றே நிமிர்ந்து நடப்பார்.

அந்தக் கட்டடத்தில் வாழ்வதற்கென்று சில முறைகள் இருந்தன. மாட்டுக் கொட்டகையின் தரை சமமாக இருப்பதில்லை. மூத்திரம் தேங்காமல் வடிய, சுவரடியிலிருந்து வாசற்பக்கத்துக் காவாய் நோக்கிச் சரிவாகப் போட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் உருளக்கூடிய எதுவும் வைத்த இடத்தில் இராது. தேங்காய், எலுமிச்சை, நெல்லளக்கும் மரக்கால், தவழும் வயதுக் குழந்தை எல்லாமே ஒரே திசையில் பயணம் செய்யும். பானைக்கு அடியில் ஓட்டுச்சில்லு கொடுத்து நிறுத்துவார்கள். தலையைச் சுவர்ப்பக்கம் வைத்தே படுக்க வேண்டும். தெரியாத விருந்தாளி மாற்றிப் படுத்துவிட்டால், காலையில் முகம் வீங்கி எழுந்து, தண்ணீர் மாறியதால் வந்தது என்பார். வைக்கோல் போடுவதற்காகக் கட்டியிருந்த காடி, மாடுகள் தள்ளி நின்ற பக்கத்தில் எங்களுக்குத் தானியப் பெட்டியாயிற்று. கைக்குழந்தை உள்ள ஆண்டுகளில் தொட்டிலும் ஆயிற்று. என் தங்கை அதில்தான் வளர்ந்தாள்.

இந்த இடத்திற்கு என்ன பெயர் என்பதில் அந்நாளில் ஒரு தீராத வழக்கு உண்டு. மிராசுதாரின் காரியங்களையெல்லாம் நடத்தியவரை ஊரார் ஏஜெண்டு என்று அழைப்பார்கள். ஒல்லியான மனிதர், எப்போதும் அக்குளில் குடை. கூலியை உயர்த்திக் கேட்கும் காலம் வந்தால் அவர் தவறாமல் எங்கள் வாசலுக்கு வருவார்.

"மத்தவன் கேக்கலாம். நீ கேக்கலாமாடா? ஒனக்குப் பண்ணையில வீடு குடுத்து வச்சிருக்கு. ஓட்டு வீடு! நன்னிலத்துல வாத்தியாருக்கே ஓட்டு வீடு இல்ல."

என் தகப்பனார் பதில் சொல்லும் பழக்கம் இல்லாதவர். மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நிற்பார். பதில் தட்டிக்குப் பின்னாலிருந்து என் தாயார் குரலில் வரும்.

"வீடாங்க இது? ஏஜெண்டய்யா ஒரு ராத்திரி வந்து படுத்துப் பாருங்க. காலைல காவாய்ல கெடப்பீங்க. கொட்டாயிக் கோடியில கெடக்குறோம், அதுக்கு வீடுன்னு பேரு வச்சுக் கூலியில புடிச்சா எப்படிங்க?"

"வாயப் பாரு. வீட்டுல இருந்துகிட்டே கொட்டாயிங்குறா."

ஆக, பண்ணைக்கு அது வீடு. எங்களுக்கு அது கொட்டகை. என் தகப்பனார் மட்டும் இரண்டு சொல்லையும் பயன்படுத்தியதில்லை. "எடத்துக்குப் போறேன்" என்றுதான் சொல்வார்.

பின்னர் ஆட்சி மாறியது. சுவரெல்லாம் சூரியன் உதித்தது. வயல் வரப்பில் செங்கொடி நடப்பட்டது. அறுவடைக்கு உள்ளூர் ஆட்களை விட்டு வெளியூர் ஆட்களை இறக்குவது, அதைத் தடுப்பது, பாலத்தருகே போலீஸ் வண்டி வந்து நிற்பது என்று சில போகங்கள் கழிந்தன. ஆட்களோடு மல்லுக்கட்டி அலுத்த மிராசுதார், கூலி கேட்காத ஒன்றை வாங்கினார். டிராக்டர் வந்த வாரம் உழவு மாடுகளை விற்றுவிட்டார்கள். என் தகப்பனார் அவற்றைச் சாலைவரை ஓட்டிச் சென்று விட்டு வந்தார். யாரும் அவரை வேலையிலிருந்து நீக்கவில்லை. மாடு இல்லாத மாட்டுக்காரரை எந்தச் சொல்லால் நீக்குவது என்று பண்ணைக்குத் தெரியவில்லை போலும். வரப்பு வெட்டுவது, களத்தில் நெல் காய வைப்பது என்று கூப்பிட்ட வேலைக்குப் போய்வந்தார். நாங்கள் தட்டியை எடுத்துவிட்டு, கொட்டகை முழுவதும் பரவினோம்.

அடுத்து, சட்டம் வந்தது. பண்ணை வேலை செய்பவன் பண்ணையாருடைய நிலத்தில் குடியிருந்தால், அவன் குடியிருக்கும் மனை அவனுக்கே சொந்தம் என்பது அதன் சாரம். அச்செய்தியை நான்தான் படித்துச் சொன்னேன். அப்போது நான் கூலி வேலைக்குப் போகும் வாலிபன். மாலையில் ஒரு தையற்கடையின் பெஞ்சில் அமர்ந்து செய்தித்தாள் படித்தே எழுத்தை வசப்படுத்திக்கொண்டவன். அந்தத் தையற்காரர்தான் ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளர். துணியை விடத் தமிழைச் சிறப்பாக வெட்டித் தைப்பவர். இன்றும் என் உரைநடையில் தேவையற்ற மடிப்புகள் இருக்குமானால் அவை அவர் வைத்தவை.

சட்டம் வந்த செய்தி எங்களுக்கு முன்பே பண்ணைக்குத் தெரிந்திருந்தது. ஏஜெண்டு குடையோடு வந்து நின்றார்.

"இந்தாப்பா, கொட்டாயைக் காலி பண்ணிக் குடு. மாடு வாங்கப் போறோம்."

வழக்கமாக "டா" என்பவர் அன்று "ப்பா" என்றார். சட்டத்தின் முதல் விளைவு அதுவே.

"எந்தக் கொட்டாயிங்க?" என்றார் என் தாயார்.

"எந்தக் கொட்டாயா? நீங்க இருக்குற கொட்டாயிதான்."

"இது வீடுல்லங்க? ஓட்டு வீடு. நன்னிலத்துல வாத்தியாருக்கே இல்லாத வீடு."

ஏஜெண்டு என் தாயாரைப் பார்த்தார். தான் இத்தனை ஆண்டுகள் தைத்துக் கொடுத்த சட்டையை எதிராளி போட்டுக்கொண்டு நிற்பதைக் கண்டவர் போலிருந்தது அந்தப் பார்வை. அந்த ஒரு நொடியில் இரு தரப்பாரும் சொல்லை மாற்றிக்கொண்டார்கள். செங்கல்லும் ஓடும் சரிவும் அப்படியே இருந்தன. பண்ணைக்கு அது கொட்டகை ஆயிற்று. எங்களுக்கு வீடு ஆயிற்று.

அந்த மனை கிடைக்காவிட்டால் எங்களுக்குப் போக்கிடம் இல்லை. வாய்க்காலுக்கு அப்பால் இன்னொரு குடிசை போடவும் இடம் இல்லை. அங்கிருப்பவர்களே சுவருக்குச் சுவர் ஒட்டிக் கிடந்தார்கள். ஆகவே என் தாயார் எங்களை அழைத்துக் கண்டிப்பாக ஒன்றைச் சொல்லிவைத்தார். இனிமேல் இந்த வீட்டில் யாருடைய வாயிலிருந்தும் கொட்டாய் என்ற சொல் வரக்கூடாது. நாங்கள் நாக்கைப் பழக்கினோம். என் தங்கை ஒருமுறை தவறிப்போய்ச் சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள்.

எங்கள் நாக்கைக் காத்தோம். தையற்காரரின் நாக்கைக் காக்க மறந்தோம். சட்டத்தை விளக்குவதற்காக அவர் கடைத்தெருவில் ஒரு கூட்டம் போட்டார். ஒலிபெருக்கி வாடகைக்கு வந்தது. அவர் எங்கள் குடும்பத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டார்.

"மாடு இருந்த இடத்திலே மனிதன்! மனிதம் இருக்க வேண்டிய இடத்திலே மமதை! மாட்டுக் கொட்டகையிலே மணம் முடித்து, மாட்டுக் கொட்டகையிலே மகவு பெற்று, மாட்டுக் கொட்டகையிலே மடிகிற மக்களைப் பார்!"

கைதட்டல் வாய்க்கால் தாண்டிக் கேட்டது. நானும் தட்டினேன், மோனை அப்படி. மேடைக்கு எதிரே தேநீர்க் கடையில் ஏஜெண்டு அமர்ந்து, ஒவ்வொரு மாட்டுக் கொட்டகைக்கும் தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

கூட்டம் முடிந்ததும் என் தாயார் நேராக மேடையடிக்குப் போனார்.

"ரொம்ப நல்லாப் பேசுனீங்க தம்பி. நாளைக்கு ஏஜெண்டு வந்து எங்க கழுத்துல கவுறு போட்டு முளையில கட்டுவாரு. வந்து அவுத்து விட்டுட்டுப் போங்க."

"அக்கா, அது மேடைக்குச் சொன்னது..."

"மேடைக்குச் சொன்னீங்களோ மைக்குக்குச் சொன்னீங்களோ, நாங்க குடியிருக்குற எடத்தையில்ல மாட்டுக்கு எழுதி வச்சுட்டீங்க."

தாசில்தார் நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வார் என்று அறிவிப்பு வந்தது. தையற்காரர் தம் பிழையைச் சரிக்கட்ட விரைந்தார். காடியை இடித்துவிடுங்கள், முளைகளைப் பிடுங்கிவிடுங்கள், தரையை மண் கொட்டிச் சமமாக்குங்கள், வாசலில் ஒரு துளசி வையுங்கள் என்று ஆலோசனைகள் வழங்கினார். என் தாயார் துளசியை மட்டும் ஏற்றுக்கொண்டார். காடியை இடித்தால் அரிசியை எங்கே வைப்பது? முளையைப் பிடுங்கினால் துணியை எங்கே உலர்த்துவது? தரையை நிரவினால் எல்லாரும் புதிதாகப் படுக்கப் பழக வேண்டும். ஏஜெண்டின் ஏற்பாடு எங்களுடையதை விடச் சுருக்கமானது. பார்வையிடும் நாளன்று விடியற்காலையில் உட்புறத்திலிருந்து ஒரு பசுவை ஓட்டிவந்து எங்கள் வாசல் முளையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

பால் மாடு சுவருக்கு வெளியே வந்தது அதுவே முதல் தடவை. அது மிரண்டு கத்தியது. அதை அவிழ்த்து விரட்டிவிடச் சொல்லித் தாயார் என் தகப்பனாரை நெருக்கினார். அவர் மாட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அதன் வாயைப் பிளந்து பார்த்தார். பிறகு எங்கோ போய் ஒரு கட்டு வைக்கோல் கொண்டுவந்து உதறிப் போட்டு, குடத்தில் தண்ணீர் காட்டி, சாணத்தையும் வாரிப் போட்டுவிட்டு வந்தார்.

"என்ன மனுசன் நீங்க! நம்ம குடிய கெடுக்க வந்த மாட்டுக்கு வைக்கோல் போடுறீங்க?"

"மாட்டுக்கு என்ன தெரியும்?" என்றார் அவர்.

தாசில்தார் ஜீப்பிலிருந்து இறங்கியபோது பசு நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. சலவைச் சட்டை, தடித்த கண்ணாடி. எதிலும் அவசரப்படாத மனிதர். ஏஜெண்டு முன்வந்து, எங்கள் குடத்தையே எடுத்துச் சுவரடியில் தண்ணீரைக் கொட்டினார். தண்ணீர் கட்டளைக்குக் காத்திருந்தது போலச் சரிந்து ஓடி, பானைகளின் ஓட்டுச்சில்லுகளைச் சுற்றி வளைந்து, காவாயில் விழுந்தது. தாசில்தார் செருப்புக் காலைத் தூக்கிக்கொண்டார்.

"பாருங்க சார். வீட்டுத் தரை இப்படி இருக்குமா? காடி, முளை, காவாய். மாடும் கட்டியிருக்கு. இது கொட்டாயி."

"தண்ணி தேங்காம ஓடுதுங்க," என்றார் என் தாயார். "ஐயா வீட்டுல தேங்கி நிக்குதுங்களா?"

தாசில்தார் உதட்டோரம் சிரித்தது போலிருந்தது. ஏஜெண்டு விடவில்லை.

"இவங்க கட்சிக்காரரே மைக்குல சொன்னாரு சார், மாட்டுக் கொட்டாயின்னு. ஊரே கேட்டிச்சு."

துளசிச் செடியருகே நின்ற தையற்காரரை எல்லாரும் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

"அது உருவகம் சார்."

"உருவகமா?"

"ஆமாம் சார். இல்லாத ஒன்றை இருப்பதாக..."

"அப்ப கொட்டாயி இல்லைங்கறீங்களா, இருக்குங்கறீங்களா?"

தையற்காரர் துளசி இலையொன்றைக் கிள்ளினார். அவர் பேசாமல் நின்று நான் பார்த்தது அந்த ஒரு பொழுதுதான். தாசில்தார் என் தகப்பனார் பக்கம் திரும்பினார்.

"ஏம்ப்பா, நீ என்ன வேலை பாக்குற?"

"மாடு பாக்குறேங்க."

"இந்த மாட்டையா?"

"இது இன்னிக்குக் காலைல வந்துதுங்க. நான் பாத்த மாட்டையெல்லாம் வித்துட்டாங்க."

"இதுக்கு வைக்கோல் யாரு போட்டது?"

"நாந்தாங்க. கட்டுனவங்க போடாம போயிட்டாங்க."

ஏஜெண்டின் முகம் மலர்ந்தது. "கேட்டீங்களா சார்? இவன் மாட்டுக்காரன். மாட்டுக்காகத்தான் இங்க வச்சிருந்தோம். ராத்திரி பகலா மாட்டோடவே இருக்கணும்னு பண்ணையில உத்தரவு."

"ராத்திரி பகலா?"

"ராத்திரி பகலா சார். இவன் கல்யாணத்துக்கு முன்னாடியிலேருந்து."

"குடும்பம்?"

"குடும்பம் எங்க சார் போவும்? இங்கயேதான்."

தாசில்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பண்ணை வேலைக்காரன். பண்ணை நெலத்துல ராத்திரி பகலாக் குடும்பத்தோட குடியிருக்கான். இவ்வளவுதான் நான் கேக்க வந்தது. நீங்களே சொல்லிட்டீங்க."

"சார், ஆனா இது கொட்டாயி!"

"இருக்கட்டுங்க. வீடா கொட்டாயியான்னு சட்டம் கேக்கல. குடியிருக்கானான்னுதான் கேக்குது."

அதாவது, என் தாயாரும் ஏஜெண்டும் ஆண்டுக்கணக்காக எந்தச் சொல்லுக்காகப் போரிட்டார்களோ, எந்தச் சொல்லை விட்டுவிட எங்கள் நாக்கைப் பழக்கினோமோ, அந்தச் சொல் அரசாங்கத்திற்குத் தேவைப்படவில்லை. கட்டடம் என்ன பொருள் சொல்கிறது என்று ஆராய அவர் வரவில்லை. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்துவிட்டு, ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். போகும் முன் ஒரு காரியம் செய்தார். எல்லையைக் காலால் நடந்து காட்டி, "மனை இந்தச் சுவர் வரைக்கும். சுவர் பண்ணையோடது" என்றார். நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. ஏஜெண்டு கவனித்தார்.

உரிமை எங்களுக்கு வந்த சில நாளில் கடப்பாரைகளோடு ஆட்கள் வந்தார்கள். அனைவரும் வாய்க்காலுக்கு அப்பால் உள்ள எங்கள் உறவினர்கள். அன்றைய கூலிக்கு வந்தவர்கள். முன்னால் வந்தவர் என் தாய்மாமன்.

"என்ன மச்சான் பண்றது, சொவத்த எடுக்கச் சொல்லிட்டாங்க," என்றார் அவர், என் தகப்பனாரிடம். "ஓடு விழுந்துடாம மொதல்ல முட்டுக் குடுத்துக்குவோமா?"

"குடுங்க," என்றார் தகப்பனார். அவரும் மூங்கில் பிடித்தார். எங்கள் கூரை எதன் மேல் சாய்ந்து நின்றதோ அதை இடிப்பதற்கு முன், கூரைக்கு ஒரு கேடும் வராமல் எங்கள் உறவினர்களே தாங்கு கொடுத்தார்கள். பண்ணைக்கு உழைக்கவும் வேண்டும், மச்சானை நனைய விடவும் கூடாது. இரண்டையும் ஒரே கூலியில் முடித்தார்கள். ஏஜெண்டு குடை நிழலில் நின்று மேற்பார்வை பார்த்தார். "மனை ஒங்களோடது. சொவரு எங்களோடது. எங்களோடத நாங்க எடுத்துக்குறோம்" என்று மும்முறை சொன்னார்.

பிற்பகலுக்குள் சுவர் தரைமட்டமாயிற்று. தூசி அடங்கியது. நாங்கள் எல்லாரும் மிராசுதாரின் கொல்லையைப் பார்த்தோம்.

பிறந்ததிலிருந்து அந்தச் சுவரின் ஒரு முகத்தை மட்டுமே அறிந்திருந்தேன். அதற்கு அப்பால் என்ன இருக்கும் என்று நான் எண்ணியிருந்ததை எழுதினால் இன்று எனக்கே சிரிப்பு வரும். தாமரைக் குளம், பூங்காவனம் என்ற அளவுக்குப் போயிருந்தேன். பால் மாடுகளைத் தவிர அங்கு இருந்தவை: ஒரு கிணறு, சாம்பல் குவியல், உடைந்த ஊஞ்சற்பலகை, துணி காயும் கொடி, பெண்கள் குளிக்கும் இடம், எங்கள் பக்கம் பார்த்துக் கட்டிய, கதவில்லாத கக்கூசு. கிணற்றடியில் உடம்பெல்லாம் எண்ணெய் தடவி, ஒரு துண்டு மட்டும் உடுத்தி, முக்காலியில் மிராசுதார் அமர்ந்திருந்தார். எங்கள் அடுப்புக்கும் அவருக்கும் இடையே இப்போது காற்று மட்டுமே இருந்தது. என் தாயார் கையில் அகப்பையோடு நிமிர்ந்தார். மிராசுதார் எழுந்தார், பின் எழுந்தது தவறென்று உணர்ந்து மறுபடி அமர்ந்தார், பின் முக்காலியைத் தூக்கிக்கொண்டு துவைக்கல்லுக்குப் பின்னால் போனார்.

அன்று நான் புரிந்துகொண்டது இது. சுவர் எங்களை அவர்களிடமிருந்து மறைக்கக் கட்டியது என்றே இரு தரப்பும் நம்பியிருந்தோம். மறைந்திருந்தவர்கள் அவர்கள். நாங்கள் எப்போதுமே திறந்த வாசலில் சமைத்து, உண்டு, சண்டையிட்டு வாழ்ந்தவர்கள். எங்களுக்குச் சுவர் போனதால் இழப்பு ஒன்றுமில்லை, கூடுதலாகக் காற்று வந்தது. அவர்கள் வீட்டுப் பெண்மக்களோ கொல்லைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு கூடத்திலேயே அடைந்து கிடந்தார்கள். குளியல் நின்றது, மற்றவற்றைப் பற்றிச் சொல்வது நாகரிகமல்ல. கீற்றுத் தட்டி வைத்து மறைத்துப் பார்த்தார்கள். முதல் காற்றில் அது எங்கள் மனையில் வந்து விழுந்தது. தாயார் அதை மடித்து எடுத்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

பெரிய வீட்டிலிருந்து ஏஜெண்டுக்கு என்ன உத்தரவு போயிற்று என்று எங்களுக்குத் தெரியாது. குரல் மட்டும் கேட்டது, அது பெண்குரல். மறுநாள் அவர் கொத்தனாரோடும் நூல்கண்டோடும் வந்தார். இடித்த அதே இடத்தில் சுவர் எழுப்ப வேண்டும். ஆனால் எல்லை "சுவர் வரை" என்றே இருந்தது; சுவரை எடுத்துவிட்டார்; எல்லை எங்கே போயிற்று? அடித்தளத்துக்கு வாணம் தோண்டும்போது ஒரு சாண் இப்பால் வந்தாலும் தையற்காரர் மறுபடி ஒலிபெருக்கி எடுத்துவிடுவார். ஆகவே அவர் எங்களைக் கேட்டாக வேண்டும். ஆனால் எங்களைப் பார்த்துக் கேட்டுப் பழக்கமில்லை. நூல்கண்டைப் பார்த்துக் கேட்டார்.

"சொவரு எங்க வைக்கலாம்?"

நூல்கண்டு எப்படிப் பதில் சொல்லும்?

"ஒங்களத்தான் கேக்குறேன்," என்றார் இம்முறை. "சொல்லுங்க."

கொத்தனார் குனிந்து கரணையைத் துடைக்கத் தொடங்கினார். தையற்காரர் செய்தி கேட்டு ஓடிவந்து, காவாய்க்கு அப்பால் நின்றபடி, "ஒரு அடி தள்ளி வைக்கச் சொல்லுங்கண்ணே! ஒரு அடி!" என்று கையை ஆட்டினார். தாயார் அகப்பையோடு காத்திருந்தார். என் தகப்பனார் இடிந்து கிடந்த கோட்டின் மேல் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்தார், மாட்டைப் பார்ப்பது போல.

"பழைய வாணத்து மேலேயே வச்சுக்குங்க," என்றார்.

ஏஜெண்டுக்கு மூச்சு வந்தது. "அப்ப ஒங்க கைமரத்த முன்ன மாதிரி இதுலயே ஊணிக்கலாம். பண்ணையில ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"வேணாங்க. நாங்க தனியா ஒண்ணு வச்சுக்குறோம்."

"ரெண்டு சொவரா? பக்கத்துப் பக்கத்துலயா? வீண் வேலை ஆச்சே!"

"ஆமாங்க," என்றார் தகப்பனார். "வீண் வேலைதான்."

பண்ணையின் சுவர் செங்கல்லில் விரைவாக எழுந்தது. எங்களுடையது மண்சுவர், வாய்க்காலில் களி எடுத்து, வைக்கோல் கலந்து மிதித்து, படை படையாகக் காயவிட்டு ஏற்றியது. இடிக்க வந்த உறவினர்கள் இதற்குக் கூலியில்லாமல் வந்தார்கள். இரண்டு சுவருக்கும் இடையே ஒரு சந்து விழுந்தது. பூனை போகலாம், மனிதன் போக முடியாது. எங்கள் சுவர் சற்றே முன்னுக்குச் சாய்ந்திருந்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. தாயார் அதன் நடுவில் ஒரு மாடம் விடச் சொன்னார். இத்தனை காலம் அந்தப் பழைய சுவரில் தம் கையால் ஓர் ஆணிகூட அடித்ததில்லை என்று அப்போதுதான் சொன்னார். பிறத்தியார் சுவர் அல்லவா. மாடம் அளவுக்கு மிஞ்சிப் பெரிதாக அமைந்துவிட்டது. தையற்காரர் சட்டம் கொண்டுவந்த தலைவரின் படத்தைக் கண்ணாடி போட்டு எடுத்துவந்து, அதில் வைக்க மிகப் பொருத்தமான அளவு என்றார்.

"வாங்க தம்பி, உக்காருங்க," என்று தாயார் அவருக்குப் பலகை போட்டார். படத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கைமரத்தில் மாட்டினார். மாடத்தில் உப்புச் சாடியை வைத்தார். அடுப்பிலிருந்து கை நீட்டினால் எட்டும் தொலைவு.